விண்கலம் இறங்கிய ஒலி

அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்நாளில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. மாலையில் தந்தையார் இலங்கை வானொலியைத் தேடிக் குமிழைத் திருப்புவார். நிலையம் அகப்படுமுன் ‘ஊ... ஈ...’ என்றொரு சீழ்க்கை ஏறியும் இறங்கியும் ஒலிக்கும். வேற்றுக்கோளிலிருந்து யாரோ நம்மை அழைக்கிறார்கள் என்றே நான் நெடுநாள் நம்பியிருந்தேன். அழைப்பு முடியுமுன் தந்தையார் பாட்டுக்குத் தாவிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கும்.

பள்ளி அறிவியல் விழா நாடகத்துக்கு, ‘பழைய படத்தில் வருவது போல’ விண்கலம் இறங்கும் ஒலி வேண்டுமென்று மாணவர்கள் கேட்டபோது, அந்தச் சீழ்க்கைதான் நினைவுக்கு வந்தது. ஆயத்த ஒலிகள் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. ஆயினும், நாமே உருவாக்குவோம் என்றேன்.

அச்சீழ்க்கையின் காரணம் எளியது. அருகருகே அமைந்த இரு வானொலி அலைகள் பெட்டிக்குள் கலக்கும்போது, அவற்றின் அதிர்வெண் வேறுபாடு காதுக்குக் கேட்கும் ஒலியாகிறது. இந்நெறியைக் கொண்டே ரஷ்யரான லெவ் தெரெமின், 1920ஆம் ஆண்டளவில், தொடாமலே இசைக்கும் கருவியை உருவாக்கினார். பின்னாளில் அது அமெரிக்க விண்வெளிப் படங்களின் குரலாயிற்று.

1963இல் தமிழில் வெளிவந்த ‘கலை அரசி’, வேற்றுக்கோளினர் இசைக்காக ஒரு பாடகியைக் கவர்ந்து செல்லும் கதை. அதே ஆண்டு இலண்டனில் பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடருக்காக, பிரையன் ஹாட்ஜ்சன் என்பவர் பழைய பியானோவின் தடித்த கம்பிகளில் வீட்டுச் சாவியை உரசி, அவ்வொலியை நாடாவில் பதிந்து, பலவாறு மாற்றிக் காலக்கலம் புறப்படும் ஓசையாக்கினார். வருங்காலத்தின் ஓசை ஒரு வீட்டுச் சாவியிலிருந்து பிறந்தது! இதைச் சொன்னதுதான் தாமதம். ஒரு மாணவி மிதிவண்டிச் சாவியால் வகுப்பறைச் சன்னல் கம்பிகளை வரிசையாக உரசத் தொடங்கிவிட்டாள்.

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ‘ஆடாசிட்டி’ என்னும் கட்டணமில்லா மென்பொருளைத் திறந்தோம். தொடக்க அதிர்வெண், முடிவு அதிர்வெண், கால அளவு ஆகியவற்றைக் குறித்தால், ஏறும் ஒலியையோ இறங்கும் ஒலியையோ அதுவே உண்டாக்கித் தருகிறது. 1,500இலிருந்து 200 ஹெர்ட்சுக்கு இறக்கி, எதிரொலி சேர்த்தோம். விண்கலம் இறங்கியது, ஆனால், கழுவித் துடைத்த எவர்சில்வர் தட்டைப் போல மிகத் தூய்மையாக இருந்தது. பழைமை அதில் இல்லை.

எதுவரை ஏறுகிறது பார்ப்போம் என்று ஒரு மாணவன் 200இலிருந்து 16,000 ஹெர்ட்ஸ் வரை, 20 நொடிகளுக்கு அமைத்தான். ஒலி ஏறி ஏறி, ஏறத்தாழப் பதினைந்தாம் நொடியில் நின்றது.

“ஏனப்பா நிறுத்திவிட்டாய்?” என்றேன்.

“ஐயா, இன்னும் கேட்கிறதே!”

பிள்ளைகள் சிலர் காதைப் பொத்திக்கொண்டிருந்தனர். திரையில் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. எனக்கோ மின்விசிறியின் ஓசை மட்டுமே கேட்டது. முதுமையில் உச்ச ஒலிகளே முதலில் விடைபெறும் என்பதைப் படித்திருக்கிறேன். அவை எனக்கு எப்போது விடைபெற்றன என்பதை மட்டும் அறியாதிருந்தேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை, அதுதான் சற்று உறுத்தியது.

பழைய வானொலியில் உச்ச ஒலிகள் வருவதில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. 5,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்டவற்றை வடிகட்டி நீக்கச் சொன்னேன். அடியில் மெல்லிய இரைச்சலைச் சேர்த்தோம். சன்னல் கம்பியின் உரசலைப் பதிந்து, அதன் வேகத்தைக் கால்பங்காகக் குறைத்து, பின்னிருந்து முன்னாக ஓடவிட்டோம். எவர்சில்வர் பளபளப்பு மறைந்தது. எங்கள் திண்ணையின் மாலைப்பொழுது மீண்டது.

விழாவன்று நான் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். விளக்குகள் அணைந்தன. விண்கலம் இறங்கத் தொடங்கியபோது, கணினியருகில் இருந்த அம்மாணவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். தொடக்கம் முதல் இறுதிவரை எனக்குக் கேட்டது. தலையசைத்தேன்.