முத்து நதிக் கரையில் ஒரு தொட்டில் தீவு

சீன தேசத்தின் தென்பகுதியில், முத்து நதி என்று பொருள்படும் பெயர் கொண்ட பேராற்றின் கரையில் குவாங்சோ மாநகர் அமைந்துள்ளது. கான்டன் என்று நம் முன்னோர் கேள்வியுற்ற பழம்பெரும் துறைமுகம் இதுவே. நகரின் ஓரமாக, ஒரு சிறு கால்வாயால் பிரிக்கப்பட்டு, ஷாமியன் என்னும் தீவு கிடக்கிறது. மணற்பரப்பு என்பது அப்பெயரின் பொருள். நீளம் ஏறத்தாழ 900 மீட்டர். அகலம் 300 மீட்டர். அரைமணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். ஆயினும் கடல்களுக்கு அப்பால் ஆயிரமாயிரம் இல்லங்களில் இத்தீவின் பெயர் இன்றும் கண்ணீரும் களிப்பும் கலந்து பேசப்படுகிறது. தத்தெடுத்த பிள்ளையை மார்போடு அணைத்தவண்ணம் பெற்றோர் தாயகம் திரும்பிய வழி இது.

இரண்டாம் அபினிப் போருக்குப் பின் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இத்தீவைத் தமக்கெனப் பெற்றுக் குடியேறினர். அவர்கள் எழுப்பிய மாளிகைகள் ஆலமர நிழலில் இன்றும் நிற்கின்றன. பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த கீழ்ப்பகுதியில் லூர்து அன்னையின் சிற்றாலயம் ஒன்றுண்டு. தீவைக் கடந்து நகருக்குள் சென்றால், 1863-இல் தொடங்கி 1888-இல் நிறைவெய்திய திருஇருதயப் பேராலயத்தைக் காணலாம். முழுவதும் கருங்கல்லால் ஆனதால், ‘கல் வீடு’ என்றே ஊரார் அதனை அழைக்கின்றனர்.

தீவின் ஆற்றோரத்தில் 1983-இல் வெள்ளை அன்னம் என்னும் பெயருடைய பெரிய விடுதி திறக்கப்பட்டது. அதன் அருகிலேயே அமெரிக்கத் துணைத் தூதரகம் இயங்கி வந்தது. சீனாவின் தத்தெடுப்புச் சட்டம் 1992-இல் நடைமுறைக்கு வந்து, அயல்நாட்டாருக்கும் கதவு திறந்தது. அமெரிக்கா செல்லும் குழந்தைகளுக்குரிய குடியேற்ற விசா குவாங்சோவில்தான் வழங்கப்பட்டது. எனவே எந்த மாகாணத்தில் பிள்ளையைப் பெற்றிருந்தாலும், இங்கு வந்தே தீரவேண்டும். கடைக்காரர் தள்ளுவண்டிகளை இரவலாகக் கொடுத்தனர். நடக்குந்தோறும் கீச்சென்று ஒலிக்கும் சின்னஞ்சிறு காலணிகள் அங்கே விற்பனையாயின. விடுதியின் நடுக்கூடத்தில் ஒரு செயற்கை அருவி பொழிகிறது. அதில் பொறிக்கப்பட்ட சீன எழுத்துகளின் பொருள் ‘சொந்த ஊர்த் தண்ணீர்’ என்பதாகும். வெளிநாடுவாழ் சீனரை வரவேற்க எழுதிய சொற்கள் அவை. சொந்த ஊரை விட்டு நிரந்தரமாகப் பிரியவிருந்த மழலைகள் அதனடியில் தவழ்ந்து விளையாடின என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

முதற் சந்திப்போ பெரும்பாலும் அந்தந்த மாகாணத் தலைநகரில், ஓர் அரசு அலுவலகத்திலோ விடுதிக் கூடத்திலோ நிகழும். மாதக்கணக்கில் ஒரு சிறு நிழற்படத்தையே பார்த்துப் பார்த்து உருகிய தம்பதியர் நெஞ்சம் படபடக்கக் காத்திருப்பர். காப்பகப் பணிப்பெண்கள், அடுக்கடுக்காக உடை உடுத்திய குழந்தைகளைத் தூக்கி வருவர். பெயர் அழைக்கப்படும், குழந்தை கைமாறும். பெற்றோர் ஆனந்தக் கண்ணீர் சொரிவர். குழந்தையோ அலறி அழும்! அறியாத முகம், அறியாத மொழி, அறியாத மணம். அதுநாள் வரை தனக்குப் பாலூட்டிய பணிப்பெண்ணை நோக்கி அது கை நீட்டும். ஒரே அறையில், ஒரே கணத்தில், ஒருவரின் பெருமகிழ்ச்சி மற்றொருவரின் பெருந்துயரமாய் இருப்பதை அங்குக் கண்டவர் பலர். இரவெல்லாம் தோளில் போட்டு நடந்த பின்னரே அச்சிறு விரல்கள் புதிய தாயின் சட்டையைப் பற்றும்.

அந்த அறையில் இல்லாத ஒருத்தியையும் நாம் மறத்தலாகாது. அவள் பெற்றெடுத்த தாய். 1980 முதல் 2015 வரை நீடித்த ஒற்றைக் குழந்தைக் கொள்கையும், ஆண் மகவின் மீதுள்ள பழைய ஆசையும் அவளை நெருக்கின. பிள்ளையைக் கைவிடுதல் சட்டப்படி குற்றம்; ஆகவே சந்தை முகப்பிலோ காப்பக வாயிலிலோ வைத்துவிட்டு மறைந்தவர் பலர். காப்பகம் குழந்தையின் படத்தை நாளிதழில் வெளியிடும். உரியவர் வாராவிடில் தத்துக் கொடுக்கும். இதிலும் பேராசை புகுந்தது. ஹூனான் மாகாணத்தில் சில காப்பகங்கள் பணம் கொடுத்துக் குழந்தைகளை வாங்கிய கொடுமை 2005-இல் வெளிப்பட்டது. மறு ஆண்டு பலர் தண்டனை பெற்றனர். அன்பின் பெயரால் நடப்பதாயினும், நீதி காவல் நில்லாவிடில் அது வாணிபமாகிவிடும் என்பதற்கு இது சான்று.

2024 செப்டம்பர் 5-ஆம் நாள் அக்கதவு மூடப்பட்டது. நெருங்கிய இரத்த உறவினரும், மாற்றாந் தாய் தந்தையரும் தவிர வேறெவரும் இனிக் குழந்தைகளை அயல்நாட்டுக்குத் தத்தெடுக்க இயலாது எனச் சீன அரசு அறிவித்தது. அதுவரை 1,60,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அயல்நாட்டு இல்லங்களை அடைந்திருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 82,000 பேர் அமெரிக்கா சென்றவர்கள். கொள்ளை நோயால் 2020-இல் பயணம் தடைபட்டு, குறிப்பிட்ட ஒரு பிள்ளைக்காகவே காத்திருந்த குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. சுவரில் படம் உண்டு, அறையில் கட்டில் உண்டு. முதற் சந்திப்பு மட்டும் இல்லை. அப்பிள்ளைகளுள் பெரும்பாலோர் உடற்குறையுற்றோர் என்பதை நினைக்க, துயரம் இரட்டிப்பாகிறது.

செப்டம்பர் 5 அன்னை தெரசாவின் திருநாளும் ஆகும். 2000-ஆம் ஆண்டு அதே நாளில், அன்னையின் சபையினர் கூட்டிய தத்துக் குடும்பங்களைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சந்தித்து, தத்தெடுத்தலை அன்பின் பெருஞ்செயலெனப் போற்றினார்.

வாசக அன்பர்களே! சீனத்தைக் குறை கூறுமுன் நம் முற்றத்தையும் நோக்குவோம். அச்சட்டம் அங்கு நடைமுறைக்கு வந்த அதே 1992-இல்தான், பெண் சிசுக்களைக் காக்கச் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கவேண்டிய நிலை நமக்கும் நேர்ந்தது. தன் உதிரமல்லாத திருமகனைத் தன் பெயரால் காத்து வளர்த்தவர் புனித சூசையப்பர். அவரைப் பாதுகாவலராகக் கொண்ட நம் குடும்பங்களில், பிள்ளையில்லை என்று ஏங்குவோரும், ‘யார் பெற்றதோ’ என்று தயங்குவோரும் உண்டு. அவர்கள் சட்டம் வகுத்த நேர்வழியில், திறந்த மனத்தோடு ஒரு தொட்டிலை நெருங்கட்டும். முதல் நாள் குழந்தை அழக்கூடும், அஞ்ச வேண்டா. இழந்ததை எண்ணி அழும் உரிமை அதற்குண்டு. அவ்வழுகையைப் பொறுமையோடு தோளில் தாங்குகிறவரே தாயும் தந்தையும் ஆகிறார்.