மன்னிப்பும் மனச்சாந்தியும்

தான் பிறருக்குச் செய்த தீங்கை மறப்பதில் மனிதன் வல்லவன். பிறர் தனக்குச் செய்த தீங்கை நினைவில் வைத்திருப்பதிலோ அதனினும் வல்லவன். இதை நான் எந்த நூலிலும் படித்து அறிந்தேனில்லை. என் சொந்த வாழ்விலேயே கண்டறிந்தேன்.

ஒன்பது ஆண்டுக் காலம் ஞாயிறுதோறும் சிராங்கூன் ரோட்டைக் கடந்து, டார்செட் ரோட்டிலுள்ள கிறிஸ்து ஆலயத்துக்குத் தமிழ் ஆராதனைக்காகச் சென்று வந்தேன். சபையார் அனைவரும் பரமண்டல ஜெபம் சொல்லுகையில் நானும் உடன் சொல்லுவேன். ஆயின் ஓரிடம் வந்தவுடன் என் வாய் தானே மூடிக்கொள்ளும். பிறர் நமக்கு இழைத்த குற்றத்தை நாம் பொறுப்பதையே அளவாகக் கொண்டு, நம் குற்றங்களையும் பொறுத்தருளுமாறு கடவுளை வேண்டும் இடம் அது. அந்த வரி முடிந்த பின்னரே மீண்டும் வாய் திறப்பேன். பக்கத்தில் நின்றவர் எவரும் இதைக் கவனித்ததில்லை. கடவுள் கவனித்திருப்பார் என்ற அச்சம் மட்டும் எனக்கு எப்பொழுதும் உண்டு.

காரணத்தை மறைப்பானேன்? என் தமையனார் மீது எனக்கிருந்த பகையே அது. எங்கள் தகப்பனார் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆயுள் முழுதும் பால்மரம் வெட்டியவர். அவர் நோயுற்றுக் கிடந்தபொழுது, மருந்துச் செலவுக்கென மாதந்தோறும் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பினேன். தமையனார் அதனை வாங்கிக்கொண்டு, "தம்பி ஒன்றும் அனுப்பவில்லை, நம்மை மறந்துவிட்டான்" என்று தகப்பனாரிடம் கூறி வந்தார். அவர் இறந்த பின்னரே இச்செய்தி எனக்குத் தெரிந்தது. பணம் போனது பெரிதன்று. இளைய மகன் தம்மைக் கைவிட்டான் என்ற எண்ணத்தோடு அவர் கண் மூடினாரே, அதை யார் திருத்த வல்லார்? இறந்தவர் செவியில் உண்மையை எவ்வாறு உரைப்பது? இதை எண்ணி எண்ணி என் உறக்கம் கெட்டது, உணவு கசந்தது, வீட்டாரிடமும் கடுகடுத்தேன்.

இந்நிலையில் ஒருநாள் ஆர்ச்சர்ட் ரோட்டின் தொடக்கத்தில், கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அருகே நடந்து செல்கையில், அங்குள்ள நினைவுப் பலகையைக் கண்டு நின்றேன். ஜப்பானியர் ஆட்சியில் அவ்விடத்திலிருந்த பழைய கட்டடத்தைக் கெம்பெய்த்தாய் என்னும் இராணுவப் போலீசார் தம் சித்திரவதைக் கூடமாக வைத்திருந்தனர். அக்காலத்து வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். அதில்தான் அத்தியட்சர் லெனார்ட் வில்சனைப் பற்றி அறிந்தேன்.

வில்சன் 1941 முதல் 1949 வரை சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் அத்தியட்சராக விளங்கியவர். நகரம் வீழ்ந்த பின்னரும், ஜப்பானியக் கிறிஸ்தவ அதிகாரியாகிய ஒகாவா என்பவரின் உதவியால், ஓராண்டுக் காலம் சபைப் பணியைத் தொடர்ந்தார்; பின்னர் 1943 இல் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பர் மாத இறுதியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்கள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. ஆஸ்திரேலியாவிலிருந்து படகில் வந்த வீரர்களின் செயல் அது. ஜப்பானியரோ சாங்கிக் கைதிகளின் சதியென்று எண்ணி, அக்டோபர் 10 ஆம் நாள் முதல் 57 பேரைப் பிடித்துச் சென்று வதைத்தனர். அவர்களுள் 15 பேர் மாண்டனர். வில்சனும் பிடிபட்டு, பல நாள் கொடிய அடிக்கு ஆளானார்.

யுத்தம் முடிந்த பின்னர், 1946 இல், வானொலியில் அவர் தம் அனுபவத்தை எடுத்துரைத்தார். மாறி மாறித் தம்மை அடித்தவர்களின் முகங்களை நோக்கினாராம். அவர்கள் ஒரு காலத்தில் உடன்பிறந்தாரோடு விளையாடிய சிறு குழந்தைகளாய் இருந்திருப்பார்களே என்ற நினைவு ஜெபத்தினூடே அவருக்கு எழுந்தது. குழந்தைகளை வெறுப்பது எளிதன்று. அதுவும் போதாதென்று கண்டு, கிறிஸ்துவின் அருளால் அவர்கள் இனி எத்தகையோராய் ஆகக் கூடும் என்பதை எண்ணிப் பார்த்தார். தம்மை வதைத்தவர்களுள் ஒருவருக்குப் பிற்காலத்தில் அவர் தம் கையாலேயே திடப்படுத்தல் அளித்தார் என்பதைப் படித்தபொழுது என் உடல் சிலிர்த்தது.

இங்கே வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். "சயாம் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டுப் பல்லாயிரம் தமிழர் மாண்டனரே! அவர்கள் சார்பில் மன்னிக்க இவர் யார்?" நியாயமான கேள்வியே. வில்சன் அவ்வாறு செய்யவில்லை. தமக்கு இழைத்ததை மட்டுமே அவர் மன்னித்தார். பிறர் பட்ட துன்பத்தை மன்னிக்க எவருக்கும் உரிமை இல்லை. மேலும், 1946 இல் கெம்பெய்த்தாயினர் 21 பேர் மீது வழக்கு நடந்து, எண்மருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மன்னிப்பு நீதிமன்றத்தின் கதவை அடைக்கவில்லை. அதே வழக்கில் சிக்கி ஏறக்குறைய 200 நாள் வதைபட்ட எலிசபெத் சோய் அம்மையாரும், தம்மை வதைத்தவர்களைத் தண்டிக்கவென்று பெயர் கூற மறுத்தார்; யுத்தமே அவர்களை அவ்வாறு ஆக்கிற்று என்பது அவர் கருத்து. நியாயம் ஊருக்கு உரியது; மன்னிப்பு அவரவர் உள்ளத்துக்கு உரியது. இவ்விரண்டையும் ஒன்றாய்க் குழப்பியதே இத்தனை நாள் நான் செய்த பிழை. தமையனாரை மன்னித்தால், அவர் செய்தது சரியென்று ஆகிவிடுமே என்று அஞ்சியிருந்தேன்.

பின்னர் ஒருநாள் மாலை புனித ஆண்ட்ரூ பேராலயத்தில் தனியே அமர்ந்தேன். 1856 இல் தொடங்கி இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்த ஆலயம் அது. சிப்பிச் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்தரைத்த சென்னைச் சாந்தைப் பூசி, அதன் சுவர்களை அவர்கள் மெருகேற்றினார்களாம். குற்றவாளி என்று கடல் கடத்தப்பட்ட கைகளே கடவுளுக்கு வீடு கட்டின. ஒருவனை அவன் செய்த குற்றத்தால் மட்டுமே அளந்துவிட முடியுமா?

அத்தியட்சர் செய்தவாறே நானும் செய்து பார்த்தேன். தமையனாரைக் குழந்தையாக நினைக்க முயன்றேன். உடனே தோட்டத்து லயம் கண்முன் வந்தது. பன்னிரண்டு வயதில் அவர் பள்ளியை விட்டார். விடியுமுன் அன்னையாரோடு பால்மரக் காட்டுக்குச் சென்று வாளி சுமந்தார். இருவரையும் படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. நான் படித்தேன், சிங்கப்பூர் வந்தேன், சம்பளக்காரனானேன். அவர் அங்கேயே நின்றுவிட்டார். தகப்பனார் வருவோர் போவோரிடமெல்லாம் பேசியது என் பெருமையைத்தான். அவர் சுமந்த வாளியைப் பற்றி எவரும் பேசவில்லை; நானும் பேசவில்லை. அவர் கூறிய பொய் பொய்யே. ஆனால் அப்பொய் முளைத்த நிலத்தில் என் பங்கும் ஒரு முழம் இருந்தது. "கர்த்தாவே, அவரை மன்னிக்கும் மனம் எனக்கு இல்லை, அதை நீரே தாரும்" என்று ஜெபித்தேன். அன்று வேறொன்றும் கேட்கவில்லை.

சாந்தி அன்றே வந்ததென்று எழுதினால் அது பொய்யாகும். பல வாரங்கள் அதையே வேண்டிய பின்னர், ஒரு ஞாயிறன்று சபையாரோடு அவ்வரியையும் சொன்னேன். குரல் நடுங்கியது. மறுவாரம் குவீன் ஸ்ட்ரீட்டில் பஸ் ஏறி ஜொகூர் சென்றேன். தமையனார் நரைத்துத் தளர்ந்திருந்தார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் பழங்கணக்கை எடுக்கவில்லை. வெகுநேரம் நிலத்தையே பார்த்திருந்தவர், "சாப்பிட்டாயா, தம்பி?" என்றார். இருவரும் ஒன்றாய் அமர்ந்து உண்டோம்.

தகப்பனாரை எண்ணும்போது நெஞ்சு இன்றும் நோகிறது. பழைய கோபமும் சில இரவுகளில் தலை காட்டுகிறது. அப்பொழுதெல்லாம் அந்த வரியை மீண்டும் சொல்லுகிறேன். மன்னிப்பு ஒருநாள் செய்து முடிக்கும் காரியமன்று. அன்றாட உணவைப் போல நாள்தோறும் வேண்டிப் பெறுவது. அன்பர்களே! உங்கள் மதம் எதுவாயினும், மதமே வேண்டாதவராயினும், நீங்கள் வாய் மூடிக்கொள்ளும் ஒரு வரி உங்களுக்கும் இருக்கக் கூடும். பகை கொண்ட உடன்பிறப்பு உயிரோடிருக்கும்பொழுதே அதைச் சொல்லிவிடுங்கள்.