ஏறும் ஊருக்கு ஒரு விலை

ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், நெதர்லாந்து எல்லையை ஒட்டி வேட்சே என்று ஒரு சிற்றூர். தட்டையான வயல்களுக்கு நடுவே ஒரு விமான நிலையம். பனிப்போர்க் காலத்தில் அது பிரிட்டிஷ் விமானப்படையின் தளம். 1999இல் படை மூட்டை கட்டியது. 2003இல் பயணிகள் விமானங்கள் இறங்கத் தொடங்கின. ஐந்தே ஆண்டுகளில் அந்த ஊருக்கு எதிர்பாராத யோகம் அடித்தது.

2008 ஜூலையில் நெதர்லாந்து அரசு விமானப் பயணிகள் மீது வரி போட்டது. பக்கத்து நாடுகளுக்கு 11.25 யூரோ, தூர தேசங்களுக்கு 45 யூரோ. நெதர்லாந்துக்காரர்கள் கணக்கில் கெட்டி. காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டினார்கள். அவர்களுடைய மஞ்சள் நம்பர் பிளேட்டுகள் ஜெர்மன் விமான நிலையங்களை நோக்கி ஓடின. சரியாக ஓராண்டில் அரசு பின்வாங்கியது. 2021இல் வரி திரும்பி வந்தது. 2025இல் அது தலைக்கு 29.40 யூரோ. இம்முறை ஓடி ஒளியவும் இடமில்லை. 2011இலேயே ஜெர்மனியும் வரி போட ஆரம்பித்துவிட்டது.

ஐரோப்பாவில் டிக்கெட்டின் விலையை, இறங்கும் ஊரைப் போலவே ஏறும் ஊரும் தீர்மானிக்கிறது. பிரான்ஸ் 2006இல் டிக்கெட்டில் ஒரு சிறு தொகையை எடுத்து, ஏழை நாடுகளின் எய்ட்ஸ், காசநோய், மலேரியா சிகிச்சைக்கு உதவத் தொடங்கியது. 2025 மார்ச்சில் அதை உயர்த்தியது. ஸ்வீடன் 2018இல் வரி போட்டு 2025 ஜூலையில் எடுத்தது. அயர்லாந்து 2014இலேயே எடுத்துவிட்டது.

இவர்கள் எல்லோருக்கும் அண்ணன் பிரிட்டன். 1994 நவம்பரில் அங்கே விமானப் பயணி வரி பிறந்தபோது இந்தியா போகிறவருக்கு 10 பவுன். 2025-26 நிதியாண்டுக்கு எக்கானமி வகுப்பில் 90 பவுன். 2026-27க்கு 102 பவுன். உயர் வகுப்பு என்றால் இரு மடங்குக்கும் மேல். எக்கானமியில் போகும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு.

லண்டன் ஹீத்ரூவில் இந்த வரிக்கு ஒரு விசித்திர எல்லைக்கோடு உண்டு. அது கடிகாரத்தில் இருக்கிறது. மும்பையிலிருந்து வந்து, ஒரே டிக்கெட்டில் 24 மணி நேரத்துக்குள் நியூயார்க் விமானத்தைப் பிடிப்பவருக்கு வரி இல்லை. ‘அக்கா வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன்’ என்று தேதியை மாற்றினால், அந்த இரண்டு நாளுக்கு வாடகைபோல வரி வந்து சேரும். மாற்றுக் கட்டணம், புதிய தேதியின் கட்டண வித்தியாசம், அதோடு இந்த வரி. கவுன்டரில் பாதிச் சண்டைகளுக்குக் காரணம், இந்த மூன்றும் ஒரே தொகையாகச் சொல்லப்படுவதுதான். மூன்றையும் தனித்தனியாகச் சொல்லும்படி கேட்டால், எது அரசுக்குப் போகிறது, எது கம்பெனிக்குப் போகிறது என்பது தெரிந்துவிடும்.

வரிக்குத் தப்ப டப்ளின் போய் அங்கிருந்து கிளம்பும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. அதில் கண்ணி இருக்கிறது. டப்ளின் - லண்டன் - டெல்லி என்று டிக்கெட் வாங்கிவிட்டு, டப்ளின் போகாமல் நேராக ஹீத்ரூவில் ஏறப் போனால், முதல் கட்டத்தில் ஆள் வரவில்லை என்று மீதிப் பயணமும் பொதுவாக ரத்தாகிவிடும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அயர்லாந்து விசா விஷயத்தையும் முன்பே பார்த்தாக வேண்டும்.

காகித டிக்கெட் காலத்தில் வரிகளுக்கென்று கட்டங்கள் கண்ணெதிரே இருந்தன. 2008 ஜூனோடு உலகம் பெரும்பாலும் மின் டிக்கெட்டுக்கு மாறியது. அதே கட்டங்கள் இப்போது மின்னஞ்சலின் அடியில், பொடி எழுத்தில் இருக்கின்றன. ‘ஜி.பி.’ என்றால் பிரிட்டனின் பயணி வரி. ‘யூ.பி.’ என்றால் அங்குள்ள விமான நிலையக் கட்டணம். ‘ஒய்.க்யூ.’, ‘ஒய்.ஆர்.’ என்று இருந்தால் கவனம் தேவை. வரிகளின் வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் அவை வரி அல்ல. எரிபொருள் முதலிய பெயர்களில் விமானக் கம்பெனி தனக்காகச் சேர்க்கும் தொகை.

இந்த வேறுபாடு தெரியாததால் பணம் போகிறது. உடம்பு சரியில்லை, விசா வரவில்லை என்று பயணம் நின்றுவிட்டால், ‘இது திரும்பப் பெற முடியாத டிக்கெட்’ என்ற ஒரு வார்த்தையில் பலர் அடங்கிவிடுகிறார்கள். திரும்பாதது அடிப்படைக் கட்டணம், பெரும்பாலும் ஒய்.க்யூ.வும். பிரிட்டனின் பயணி வரியோ பறந்தவர்களுக்கு மட்டுமே உரியது. பறக்காதவருக்காக அரசு அதை வாங்குவதில்லை. கேட்காவிட்டால் அது கம்பெனியிடமே தங்கிவிடும். கேட்டால் சில கம்பெனிகள் கையாளும் கட்டணம் என்று கொஞ்சம் கழித்துக்கொள்ளும். இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இன்னும் தெளிவு: சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், பயணி வராமலே போனாலும், சட்டபூர்வ வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிகளோ இதில் அவரவர் நாட்டு விதிப்படி நடக்கும். ஆகவே எந்தக் கம்பெனி என்பது டிக்கெட் வாங்கும்போதே யோசிக்க வேண்டிய விஷயம்.

விமானம் தாமதமானாலும் ஏறும் ஊர்தான் பேசுகிறது. 2005 பிப்ரவரியில் அமலுக்கு வந்த ஐரோப்பிய விதிப்படி, ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மும்பைக்குக் கிளம்பும் எந்த நாட்டு விமானமும் பயணிக்குப் பொறுப்பு. மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 600 யூரோ வரை நஷ்ட ஈடு உண்டு. புயல் போன்ற அசாதாரணக் காரணங்களுக்குக் கிடையாது. ஆனால் காரணம் எதுவானாலும், காத்திருக்கும் நேரத்தில் சாப்பாடும், இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டலும் தர வேண்டும். மும்பையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போகும்போது ஐரோப்பியக் கம்பெனிக்கு மட்டுமே இந்த விதி. இந்தியக் கம்பெனிக்கு இல்லை. அதே வழி, அதே தூரம். போகும்போது ஒரு நியாயம், வரும்போது ஒரு நியாயம்.

பேரனைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பெரியவர்கள் ஃபிராங்க்ஃபர்ட்டின் நீண்ட நடைகூடங்களில், ரத்தான விமானத்தின் பெயரைப் பலகையில் தேடியபடி நிற்கும்போது, பெரும்பாலும் கை கூப்பித்தான் உதவி கேட்கிறார்கள். கவுன்டரில் இருப்பவர் சிரித்தால் கருணை, முறைத்தால் விதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் இல்லை. அந்தச் சாப்பாட்டுக் கூப்பனும் ஹோட்டல் அறையும் சட்டம் கொடுத்தவை. கையைக் கூப்பாமல், போர்டிங் பாஸை நீட்டிக் கேட்கலாம்.