வாத்தா

என் அம்மா ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவள். போடியிலிருந்து விடியுமுன்னே ஜீப் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் போடிமெட்டையும் தாண்டி, கேரளப் பக்கத்துத் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்கி வரும் பெண்களில் ஒருத்தி. போன ஆவணியில் ஒருநாள் அவளுடைய ஒயர்கூடைக்குள், தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில், தலைத்துண்டில் சுற்றிய ஒரு நாய்க்குட்டி இருந்தது.

ஏலச்செடி உச்சியில் காய்க்காது. தூரிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு ஓடும். குத்துக்காலிட்டு, தழையை விலக்கித்தான் காய் எடுக்க வேண்டும். அப்படி விலக்கியபோதுதான் அம்மா குட்டிகளைப் பார்த்திருக்கிறாள்.

"அஞ்சு போட்டிருக்கு. கடுவன் மூணையும் ஆளுக்கொண்ணா எடுத்துட்டுப் போயிட்டாங்க. பொட்டை ரெண்டும் கிடந்துச்சு. தாயி ரெண்டு நாளா வரலையாம்."

"இன்னொண்ணு எங்கம்மா?"

"கூடையில ஒண்ணுதான் கொண்டுச்சு. நாளைக்குத் தூக்கிட்டு வரணும்."

மறுநாள் அந்தத் தூரில் எதுவும் இல்லை. யாராவது எடுத்திருப்பார்கள் என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை.

எங்கள் மாவட்டத்துக் கோம்பை நாய் காவலுக்குப் பேர்போனது. நாயைப் பற்றித் தெரியாதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. ஆனாலும் வந்து பார்த்த எல்லோரும் முதலில் அதன் வாலைத்தான் தூக்கிப் பார்த்தார்கள். "பொட்டையவா தூக்கிட்டு வந்த? வயசுக்கு வந்தா ஊர் நாயெல்லாம் வாசல்ல நிக்கும். ஈத்துக்கு ஆறு போட்டா யாரு பாக்குறது?" இதே பேச்சைக் கொஞ்சம் மாற்றி, என்னை வைத்தும் பேசிக் கேட்டிருக்கிறேன்.

முதல் ராத்திரி அது விடாமல் அழுதது. அப்பா பாயில் புரண்டு படுத்தபடி, "கொண்டுபோய் விட்டுட்டு வா" என்றார். நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி ஜீப் பிடிக்க வேண்டியவள் அம்மா. நானும் காலையில் கிட்டங்கிக்குப் போய் எட்டு மில்லிமீட்டர் காயைத் தனியே பிரித்தாக வேண்டும். தூக்கம் கெடுகிறது என்று சொன்னவர் மட்டும் எட்டு மணி வரை தூங்கினார்.

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "கூடப் பிறந்ததுகளோட ஒட்டிப் படுத்தே பழகின குட்டி. தனியாப் படுக்கிறது இதுதான் முதல் தடவை. அது அடம் இல்லம்மா, பயம். பெட்டியை உங்க பக்கத்துல வச்சு, கையை உள்ளே போட்டுக்கோங்க. மெதுமெதுவாத் தள்ளி வைக்கலாம்." பசும்பால் வயிற்றைப் போக்கும், குழைந்த சோற்றில் முட்டையைப் பிசைந்து கொடுங்கள் என்றார். பூச்சி மருந்து கொடுத்தார். மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குக் கொண்டுவரச் சொன்னார். வீட்டுக்குள் நனைத்தால் அடிக்கக் கூடாது, மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கவும் கூடாது. தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும் வெளியே ஒரே இடத்துக்குத் தூக்கிப் போக வேண்டும். போனால் கொஞ்ச வேண்டும். "அடிச்சா, உங்களுக்குத் தெரியாம மூலையில போய்ப் போகும். அவ்வளவுதான்."

அட்டைப்பெட்டியில் அம்மாவின் பழைய சேலையை மடித்துப் போட்டோம். வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். முறைவைத்துக் கண்விழித்தோம். மூன்றாம் ராத்திரி என் முறை. விழித்துப் பார்த்தால், அம்மாவும் பெட்டிக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

"நீ படும்மா."

"நானும் இந்த வீட்டுக்கு வந்தப்ப அழுதேன்" என்றாள். "சத்தம் வராம அழணும்னு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. இதுக்குத் தெரியல."

அப்போது அவளுக்குப் பதினெட்டு. பெட்டிக்குள் கையை விட யாரும் இருந்திருக்க மாட்டார்கள். போகப் போகப் பழகிவிடும் என்று மட்டும் சொல்லியிருப்பார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பேர் வைக்கிற பேச்சு வந்தது. பக்கத்து வீட்டு மதினி சிரித்துக்கொண்டே, "உன் பேரையே வச்சுரு, பொருத்தமா இருக்கும்" என்றார். அம்மாவின் பெயர் போதும்பொண்ணு. அவள் வீட்டில் நாலாவது பெண். அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று வைக்கிற பெயர் அது. மதுரை, தேனிப் பக்கம் ரேஷன் கார்டுகளில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் எங்கள் தேனிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. பிறந்தது பெண் என்பதற்காகவே கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசாங்கம் கேட்டுக்கொண்ட ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. நாயையும் பிள்ளையையும் நான் ஒன்றாக வைக்கவில்லை. ஆனால் செடித்தூரில் எதை எடுப்பது, எதை விடுவது என்று பார்த்த கண் எங்கே பழகியது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

மதினிக்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சோற்றுத்தட்டை வைத்துவிட்டு, எப்போதும்போல "வாத்தா" என்று கூப்பிட்டாள். குட்டி ஓடி வந்தது. ஒரு வாரமாக அந்தச் சொல்லோடுதான் சோறும் தடவலும் அதற்குக் கிடைத்திருக்கின்றன. அதுவே பேராகிவிட்டது. வா, ஆத்தா.

இப்போது வாத்தாவுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. வீட்டுக்குள் நனைப்பதை நிறுத்த ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆனது. அப்பாவின் செருப்பு ஒன்று போனது. அடுத்த வாரம் கருத்தடை அறுவைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு தெருக்காரர்கள் சொன்ன இரண்டு பயத்துக்கும் வேலை இல்லை. ஒரே நாளில் முடிகிற இந்த விஷயத்துக்குப் பயந்துதான் குட்டிகளைத் தூரில் விட்டுப் போகிறார்கள்.

சாயங்காலம் ஜீப் சத்தம் கேட்டால் வாத்தா தெருமுனைக்கு ஓடுகிறது. அம்மா இறங்கி, முதலில் கூடையை அதன் முன்னால் வைக்கிறாள். அது தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்க்கிறது. கூடை இப்போது முன்னதைவிடப் பெரியது. ரெண்டு குட்டி தாராளமாகக் கொள்ளும். ஏன் மாற்றினாய் என்று நான் அம்மாவிடம் கேட்டதில்லை.