"போகலாம்தானே?"

நெடுந்தீவில் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்குப் பல வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். தலைவர் முடிவெடுக்க முதல் அவர் முன்னால் எதை வைக்கிறது என்பதுதான் இந்த வேலையின் நுட்பம். கூட்டக் குறிப்பு எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். கைபேசியில் சாட்ஜிபிடி வந்தபின் இரண்டு தலைவர்களைப் பார்த்துவிட்டேன்.

முந்தியவர் சங்கத்துக்காக ஓடி உழைத்தவர். ஆனால் அவரை மறுத்துப் பேச ஒருவருக்கும் துணிவில்லை. தென்மேற்குக் காற்று வீசும் ஒரு சோளகக் காலம். கடல் பொங்கிக் கிடந்த மாலையில், "நாளைக்குத் தொழிலுக்குப் போகலாம்தானே?" என்று கைபேசியிடம் கேட்டார். 'தானே' என்று முடிகிற கேள்விக்கு எங்கள் ஊரில் சின்னப்பிள்ளையும் "ஓம்" என்றுதான் சொல்லும். கைபேசியும் சில நிபந்தனைகளோடு ஓம் என்றது. அவர் நிபந்தனைகளை வாசிக்கவில்லை. நான் வாசித்தேன். வாசித்தும் வாய் திறக்கவில்லை. மறுநாள் இரண்டு வள்ளங்கள் வலையைக் கடலில் விட்டுவிட்டு ஓடிவந்தன. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மௌனம் இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ தன் புதிய பதிப்பொன்றை, கேட்பவருக்கு அளவுக்கு மீறி ஒத்தூதுகிறது என்று சில நாளிலேயே திருப்பி எடுத்தது. அந்தச் செய்தியை வாசித்தபோது எங்கள் கூட்ட மண்டபம்தான் கண்ணுக்குள் வந்தது.

இப்போதைய தலைவர் வயதில் இளையவர். அவர் கைபேசியிடம் கேட்பது, "நாளைக்குப் போகக்கூடாது எண்டால் என்னென்ன காரணம்?" என்று. பதிலை எல்லாருக்கும் கேட்க வாசிப்பார். பிறகு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல். கடைசியில் கரையின் மூத்த தொழிலாளியிடம் திரும்பி, "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ" என்பார்.

அது மரியாதைக்காக மட்டும் கேட்பதல்ல. வானிலைக்கென்றே செய்த செயற்கை நுண்ணறிவும் எங்கள் கரைகளைத் தனித்தனியாகப் பார்க்காது. ஐரோப்பிய வானிலை மையம் 2025 பெப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுக் கணிப்பில் ஒரு கட்டத்தின் அகலம் ஏறக்குறைய 28 கிலோமீற்றர். எங்கள் தீவின் நீளம் அதில் பாதியும் வராது. சோளகத்தில் தெற்குக் கரையில் அலை உடைய, வடக்கே தண்ணீர் படுத்துக் கிடக்கும். அந்த வேறுபாடு கட்டத்துக்குள் கரைந்துவிடும். அண்ணையின் கண்ணுக்குத் தப்பாது.

ஓர் ஆனி மாலை, கைபேசியும் தடை சொல்லவில்லை, அறிவித்தலும் சொல்லவில்லை. அண்ணை மட்டும் மேற்கே பார்த்து, "விடியட்டும், பாப்பம்" என்றார். தலைவர் என் பக்கம் திரும்பினார். "மறுத்தது ஆர், ஏன் எண்டும் எழுதுங்கோ."

அன்றைக்குக் குறிப்பேட்டில் அடிமட்டம் வைத்துப் புதிதாக ஒரு நிரல் கீறினேன்.