கேட்காமல் விட்ட கேள்வி

பாட்டியின் முன்கையில் பச்சை குத்திய கோலம் ஒன்று உண்டு. ஊருக்கு வந்த பச்சை குத்துகிற பெண், தெருவில் எல்லாருக்கும் ஒரே ஊசியால் வரிசையாகக் குத்திவிட்டுப் போனாளாம். "அந்தக் காலத்து ஜனங்க, என்ன தெரியும்" என்று சிரித்திருக்கிறேன்.

போன வருடம் நானும் டாட்டூ போட்டுக்கொண்டேன். டிசைன் தேடவே 3 வாரம். ஊசி புதுசா, எனக்கென்று தனிக் கப்பில்தான் மை ஊற்றினார்களா? கேட்கவே இல்லை.

4 மாதம் கழித்து அப்பாவுக்கு ஆபரேஷன். ரத்தம் கொடுக்கப் போனேன். படிவத்தில் டாட்டூ என்று பார்த்ததும் நர்ஸ் பேனாவை மூடிவிட்டார். "12 மாசம் ஆகணும் தம்பி." ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் தொற்றிய புதிதில் பரிசோதனையில் சிக்காமல் போகலாம். அதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு.

ஆபீசில் கோடில் 2 வரி மாற்றினாலும் இன்னொருவர் ரிவ்யூ பண்ணாமல் லைவ் போகாது. என் தோலுக்குள் போன மைக்கு அதுகூட நடக்கவில்லை.

அப்பாவுக்கு வேறு யாரோ ரத்தம் கொடுத்தார்கள். மறுவாரம் நானும் டெஸ்ட் எடுத்தேன். எல்லாம் நெகட்டிவ். ஆனால் ரிப்போர்ட் வரும்வரை பாட்டியின் கைதான் கண்ணுக்குள் நின்றது. பாட்டிக்குக் கேட்கத் தெரியாது. எனக்குத் தெரியும், அந்த ஏசி ரூமில் கேட்கக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.