சாப்மன்ஸ் பீக்: இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சாலை

கேப் டவுன் நகரத்தின் முதுகுப்புறம் எழும் டேபிள் மலையிலிருந்து தெற்கே கேப் பாயின்ட் முனைவரை, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஒடுக்கமான மலைத்தொடர் ஒன்று கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. இதுதான் கேப் தீபகற்பம். மேற்கே திறந்த அட்லாண்டிக். கிழக்கே ஃபால்ஸ் பே என்னும் அகன்ற விரிகுடா. இரு கரைகளையும் தொட்டு, முனைவரை போய்த் திரும்பும் சாலைச் சுற்று சுமார் 150 கிலோமீட்டர். ஓட்டிக்கொண்டே போனால் அரைப்பொழுதில் முடிந்துவிடும். நின்று நின்று பார்ப்பவருக்கு ஒரு முழுநாளும் போதாது. இந்தச் சுற்றில் நோர்ட்ஹூக்குக்கும் ஹவுட் பேக்கும் இடையே மலையின் விலாவில் செதுக்கப்பட்ட 9 கிலோமீட்டர் துண்டுதான் சாப்மன்ஸ் பீக் டிரைவ். வளைவுகள் 114. உள்ளூர்க்காரர்கள் செல்லமாக ‘சாப்பீஸ்’ என்பார்கள். இந்த 9 கிலோமீட்டருக்காகவே மிச்சத்தையும் சுற்றுகிறவர்கள் நிறைய.

எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு வெயிலும் போக்குவரத்து விதியும் சேர்ந்து ஒரே பதிலைத் தருகின்றன. காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை. தென்னாப்பிரிக்காவில் வண்டிகள் இந்தியாவைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன. தெற்கிலிருந்து வடக்கே வரும்போது கடல் இடப்புறம், தடுப்புச் சுவரை ஒட்டியே இருக்கும். காட்சி பார்க்க வண்டியை ஒதுக்கும் இடங்களும் அந்தப் பக்கம்தான். எதிர்த்திசையில் வருபவர் மலைச்சுவரை உரசிக்கொண்டு போக வேண்டும். நிறுத்த நினைத்தால் எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே திருப்ப வேண்டும். கோடையில், அதாவது நவம்பர் முதல் பிப்ரவரி வரை, தென்கிழக்குக் காற்று கார்க் கதவைப் பிடுங்குவதுபோல அடிக்கும். நகரத்தின் புழுதியையும் புகையையும் துடைத்துக்கொண்டு போவதால் அதற்குக் ‘கேப் டாக்டர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மழை குளிர்காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை.

கிழக்குக் கரையில் முதலில் வருவது மியூசன்பர்க். மணலில் வரிசையாக நிற்கும் மஞ்சள், சிவப்பு, நீல மர அறைகள் குளிக்க வந்தவர்கள் உடை மாற்றக் கட்டியவை. ஃபால்ஸ் பே தண்ணீர் அட்லாண்டிக் பக்கத்தைவிட வெதுவெதுப்பு. கடற்கரைச் சரிவும் மெதுவானது. அதனால் அலைச்சறுக்கு கற்பவர்களின் பள்ளிக்கூடமாகவே இது ஆகிவிட்டது. 1922இல் இங்கே பலகையைத் தூக்கிக்கொண்டு அலையில் இறங்கியவர்களில் அகதா கிறிஸ்டியும் ஒருவர். ரயில் 1882இல் மியூசன்பர்க்கையும் 1890இல் சைமன்ஸ் டவுனையும் எட்டியது. கால்க் பேயில் மலை, சாலை, தண்டவாளம், துறைமுகம் நான்கும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். கடல் கொந்தளிக்கும் நாளில் ரயில் பெட்டிக் கண்ணாடியில் உப்புநீர் தெறிக்கும். துறைமுகத்தில் ஸ்னூக் மீன் வந்திறங்கும்போது, மீன் அறுக்கும் இடத்துக்குக் கீழே கடல்நாய்கள் தலையை நீட்டிக் காத்திருக்கும். குடல் விழுந்த மறுகணம் தண்ணீர் கலங்கி அடங்கும்.

ஃபால்ஸ் பேயின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘பொய்’ மாலுமிகள் பட்ட பாட்டிலிருந்து வந்தது. கிழக்கிலிருந்து திரும்பிய கப்பல்கள் எதிர்க்கரையிலுள்ள ஹேங்க்ளிப் முனையைக் கேப் பாயின்ட் என்று நம்பி வடக்கே திரும்பி, இந்த விரிகுடாவுக்குள் மாட்டிக்கொண்டதுண்டு. இந்தக் கரையைத் தவறாக அடையாளம் கண்டவர்களின் வரிசை நீளமானது. அடுத்தடுத்த நிறுத்தங்களிலும் அவர்கள் வருவார்கள்.

சைமன்ஸ் டவுன் கடற்படை ஊர். குளிர்காலப் புயல்கள் கேப் டவுன் துறையைச் சூறையாடியதால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1740களில் தன் கப்பல்களை இந்த ஒதுக்கமான குடாவுக்கு அனுப்பத் தொடங்கியது. பிறகு பிரிட்டிஷ் கடற்படைத் தளமாகி, 1957இல் தென்னாப்பிரிக்காவின் கைக்கு வந்தது. ஊரின் நடுச் சதுக்கத்தில் எல்லோரும் படமெடுத்துக்கொள்ளும் வெண்கலச் சிலை தளபதியுடையதல்ல, ஒரு நாயுடையது. ஜஸ்ட் நியூசன்ஸ் என்ற அந்த கிரேட் டேன் நாய், மாலுமிகளோடு சேர்ந்து டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறிக்கொண்டே இருந்தது. ரயில்வே கண்டித்தது. கடற்படை வீரர்களுக்கு ரயில் பயணம் இலவசம் என்பதால், 1939இல் நாயையே முறைப்படி கடற்படையில் சேர்த்துவிட்டார்கள். கதை இனிப்பானது, கடைகளில் பொம்மையாகவும் விற்கிறது. அதே ஊரில் அவ்வளவு சுலபமாக விற்க முடியாத கதை ஒன்றும் உண்டு. 1967இல் நிறவெறி அரசு இந்த ஊரை வெள்ளையர் பகுதியாக அறிவித்தது. தலைமுறைகளாக வாழ்ந்த மலாய் முஸ்லிம்களும் மற்றக் கறுப்பின, கலப்பின மக்களும் வீடுகளை விட்டு அகற்றப்பட்டார்கள். அப்படி வெளியேற்றப்பட்ட குடும்பம் ஒன்றின் வீட்டில் இன்று ஒரு சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. நாயின் சிலைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை அதற்கு ஒதுக்கலாம்.

ஊரைத் தாண்டியதும் போல்டர்ஸ் கடற்கரை. யானை முதுகு போல உருண்ட கருங்கற்களுக்கு நடுவே ஆப்பிரிக்கப் பென்குயின்கள் வாழ்கின்றன. 1982இல் இரண்டே ஜோடிகள் வந்து கூடு கட்டின; பிறகு அவை ஆயிரக்கணக்கில் பெருகின. மரப்பலகைப் பாதையில் நடந்தால் கைக்கெட்டும் தூரத்தில் புதர் அடியில் முட்டையை அணைத்தபடி ஒன்று உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு மேலே இளஞ்சிவப்பாக இறகில்லாத ஒரு திட்டு. சூடு ஏறினால் ரத்தம் அங்கே பாய்ந்து உடம்பு தணியும். குரல் கழுதைக் கத்தல். ஆளைக் கண்டு அஞ்சாததால் இவற்றின் நிலை நல்லபடியாக இருப்பதாகத் தோன்றும். உண்மையில் மத்தி, நெத்திலி வகை மீன்கள் குறைந்துபோனதால் இந்த இனம் வேகமாக அழிந்துவருகிறது; 2024இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

தெற்கே போகப் போக வீடுகள் ஒழிந்து, இடுப்பளவு புதர்க்காடு தொடங்கும். ஃபின்போஸ் எனப்படும் இந்தத் தாவரக்கூட்டம் உலகின் ஆறு தாவரப் பேரரசுகளில் மிகச் சிறியதான கேப் பேரரசுக்கு உரியது. சுமார் 9,000 செடி வகைகளில் மூன்றில் இரண்டு பங்கு வேறெங்கும் இயற்கையாக வளராதவை. நன்னம்பிக்கை முனைக் காப்பகத்தின் 7,750 ஹெக்டேரில் மட்டும் ஏறத்தாழ 1,100 வகைகள். வண்டியின் வேகத்தில் எல்லாம் ஒரே சாம்பல் பச்சையாகத்தான் தெரியும். இறங்கி நடந்தால்தான் புரோட்டியா மொட்டும், நூல்போன்ற ஹீத் இலையும், கோரைபோல் நிற்கும் ரெஸ்டியோவும் தனித்தனியாகக் கண்ணில் படும். பபூன் குரங்குகள் கண்ணில் படுவதற்கு நடக்கத் தேவையில்லை, அவையே வந்துவிடும். கார் கதவைத் திறக்கத் தெரிந்தவை என்பதால் பூட்டிவைப்பது அவசியம். கையில் தின்பண்டத்தோடு இறங்குவது வம்பை விலைக்கு வாங்குவது.

கேப் பாயின்டில் இரண்டு கலங்கரை விளக்கங்கள். 1860இல் எரியத் தொடங்கிய பழையது கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 240 மீட்டர் உயரத்தில், உச்சியில் நிற்கிறது. உயரமே அதற்கு வினையாயிற்று. தெளிந்த இரவில் வெகுதொலைவில் இருந்தே தெரிந்ததால், கப்பல்கள் முனையை மிகவும் நெருங்கி வந்தன. மூடுபனி இறங்கிய இரவிலோ விளக்கு மேகத்துக்குள் மறைந்துபோயிற்று. 1911 ஏப்ரலில் லூசிட்டானியா என்ற போர்ச்சுகீசியப் பயணிக் கப்பல் முனைக்கு அருகிலுள்ள பெல்லோஸ் பாறையில் மோதியது. (ஜெர்மானியர் மூழ்கடித்த பிரிட்டிஷ் லூசிட்டானியா வேறு.) அதன் பிறகே, 87 மீட்டர் உயரத்தில், பாறையின் கீழ் மூக்கில் புதிய விளக்கம் கட்டப்பட்டு 1919இல் எரிந்தது. பழைய விளக்கம் வரை படிகளும் இழுவை ரயிலும் உண்டு. புதியதை மேலிருந்து எட்டிப் பார்க்கலாம்.

முனையின் மேற்குப் பக்கத்தில் நன்னம்பிக்கை முனைப் பலகை. அதன் முன்னே எப்போதும் வரிசை நிற்கும். அது ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கோடி மட்டுமே. தென்கோடி அங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தென்கிழக்கே அகுலாஸ் முனையில் இருக்கிறது. அட்லாண்டிக்கும் இந்தியப் பெருங்கடலும் பிரியும் எல்லையாக ஏற்கப்பட்டதும் அதுவே. கன்னியாகுமரியில் மூன்று கடலைப் பிரித்துக் காட்டும் வழிகாட்டிகளைப் போலவே இங்கேயும் இரண்டு நிறத் தண்ணீரை விரல் நீட்டிக் காட்டுபவர்கள் உண்டு. பார்த்தலோமியு டயஸ் 1488இல் இந்த முனையைக் கடந்தார். வாஸ்கோ ட காமா 1497இல் கடந்து, மறு ஆண்டு மே மாதம் கோழிக்கோட்டில் கரையேறினார். இருவர் பெயரிலும் காப்பகத்தில் நிற்கும் வெள்ளைச் சிலுவைத் தூண்கள் நினைவுச்சின்னம் மட்டுமல்ல. கடலிலிருந்து பார்க்கையில் இரண்டும் ஒரே கோட்டில் தெரிந்தால், அந்தக் கோட்டில்தான் விட்டில் பாறை நீருக்கடியில் கிடக்கிறது.

திரும்பும் வழியில் ஸ்கார்பரோ, மிஸ்டி கிளிஃப்ஸ், கொமெட்கி என்று சிற்றூர்கள். கொமெட்கியில் வெள்ளை இரும்பு வார்ப்பால் ஆன ஸ்லாங்கோப் விளக்கம் நன்றாக இருக்கும். அதைத் தவிர வண்டியை நிறுத்த அவசரமில்லை. அடுத்து நோர்ட்ஹூக்கின் நீண்ட வெண்மணல். 1900 மே மாதம், பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தன் முதல் பயணத்தில் போய்க்கொண்டிருந்த காகாபோ என்ற நீராவிக் கப்பல், மோசமான வானிலையில் சாப்மன்ஸ் சிகரத்தைப் பார்த்தது. கேப் பாயின்டைத் தாண்டியாகிவிட்டது என்று எண்ணி இடப்பக்கம் திருப்பி, முழு வேகத்தில் மணலில் ஏறிவிட்டது. துருப்பிடித்த கொதிகலனும் விலா எலும்புகளும் இன்றும் மணலில் துருத்திக்கொண்டு நிற்கின்றன. கரையோரமாக நெடுந்தூரம் நடந்தால்தான் பார்க்கலாம்.

அந்தக் கப்பலை ஏமாற்றிய சிகரம் ஏறக்குறைய 600 மீட்டர் உயரம். 1607இல் கன்சென்ட் என்ற ஆங்கிலக் கப்பலிலிருந்து கரைக்கு அனுப்பப்பட்ட துணை அதிகாரி ஜான் சாப்மனின் பெயர் அதற்கு. கடலிலிருந்து செங்குத்தாக எழும் அதன் முகத்தில் சாலை போடலாம் என்று பிடிவாதம் பிடித்தவர் கேப் மாகாணத்தின் முதல் நிர்வாகி சர் ஃப்ரெடரிக் டி வால். சரிவு செங்குத்து, நிலம் உளுத்தது, அளவெடுப்பதே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை. முடியாது என்ற பதிலை அவர் ஏற்கவில்லை. 1915இல் ஹவுட் பே பக்கமும் மறு ஆண்டு நோர்ட்ஹூக் பக்கமும் வேலை தொடங்கியது. முதல் உலகப் போர்க் காலம், காசு தட்டுப்பாடு. பாறையை உடைத்தவர்கள் பெரும்பாலும் சிறைக் கைதிகள். 1922 மே 6 அன்று சாலை திறக்கப்பட்டது. பெயர்ப்பலகையில் ஆட்சியாளர்கள் இருக்கிறார்கள், கைதிகள் இல்லை.

சாலை ஓடும் கோட்டை முடிவு செய்தது மலையின் அமைப்புதான். அடியில் சுமார் 54 கோடி ஆண்டுப் பழமையான கருங்கல்: போல்டர்ஸில் பென்குயின்கள் ஒதுங்கும் அதே கல். அதன் தலை தேய்ந்து மட்டமான பிறகு, பல கோடி ஆண்டு கழித்து, மேலே மணலும் சேறும் படிந்து அடுக்கடுக்கான மணற்பாறையாயின. இரண்டும் சந்திக்கும் கோடு மலைமுகத்தில் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகப் போகிறது. சாலையைப் போட்டவர்கள் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டார்கள்: கெட்டியான கருங்கல் தளமாயிற்று, மேலே உள்ள மெல்லிய அடுக்குகள் வெட்டச் சுலபமாயின. காட்சி முனையில் வண்டியை நிறுத்தி, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் இது கண்கூடு. காலடியில் பருக்கைப் பருக்கையான சாம்பல்நிறக் கல். நெஞ்சுயரத்தில் செங்கல் நிறத்திலும் அரக்கு நிறத்திலும் விரலளவு ஏடுகள். அதற்கு மேல் வெளிறிய மணற்பாறைச் சுவர். முனைக்கு வருபவர்கள் எல்லாரும் கடலைத்தான் பார்க்கிறார்கள். பாறையையும் ஐந்து நிமிடம் பார்ப்பது நல்லது.

வெட்டச் சுலபமான அடுக்கு உதிரவும் சுலபம். கீழே உள்ள மெல்லிய ஏடுகள் அரித்துப்போகும்போது மேலே உள்ள கனத்த பாறை பிடிமானமிழந்து விழுகிறது. மழையும், புதர்களை எரித்து மண்ணைத் தளரவிடும் காட்டுத்தீயும் அதற்குத் துணை. பாறை விழுந்து உயிர்ப்பலி நேர்ந்ததை அடுத்து 2000 ஜனவரியில் சாலை மூடப்பட்டது. சுங்கம் வசூலிக்கும் சாலையாக 2003 டிசம்பரில் மீண்டும் திறந்தது. இடையில் மலைச்சரிவில் எஃகு வளையங்களால் பின்னிய வலைகள் ஏறின. ஓரிடத்தில் பாறையைக் குடைந்து, கடல் பக்கம் திறந்திருக்கும் அரைச்சுரங்கம் அமைந்தது. அதற்குள் போகும்போது தலைக்குமேல் பாறை கூரையாகக் கவிந்து வரும். இடப்பக்கம் வெறும் வெளிச்சமும் கடலும். இப்போதும் பலத்த மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள். புறப்படுமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும். மூடியிருந்தால் ஓ காப்ஸ வெக் என்ற மலைச்சாலை வழியே நகருக்குத் திரும்பலாம். அதுவும் அழகுதான், ஆனால் ஈடாகாது.

சாலை இறங்கும் ஹவுட் பே மீன்பிடித் துறைமுகம். கரையோரப் பாறையில் 1963இல் வைத்த வெண்கலச் சிறுத்தை விரிகுடாவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் காகிதத்தில் சுற்றிக் கிடைக்கும். கடற்காகங்களிடமிருந்து காப்பாற்றிச் சாப்பிடுவது அவரவர் சாமர்த்தியம்.

அங்கிருந்து நகரம்வரை விக்டோரியா சாலை, ‘பன்னிரு சீடர்கள்’ என்னும் சிகரங்களின் அடிவாரத்தில் ஓடுகிறது. எண்ணிப் பார்த்தால் சிகரங்கள் பன்னிரண்டுக்கு மேல் வரும். அவுடக்ரால் என்ற இடத்தில் சாலைக்கு மேலே மரங்களுக்கிடையே, நாடுகடத்தப்பட்டு வந்த முஸ்லிம் பெரியவர்களின் தர்காக்கள் இருக்கின்றன. டச்சுக் கம்பெனி கேப்பை அடிமைகளையும் நாடுகடத்தப்பட்டவர்களையும் கொண்டுவந்து சேர்க்கும் இடமாக வைத்திருந்தது. அவர்களில் ஜாவா, இலங்கை, வங்காளம், சோழமண்டலக் கரை எல்லா ஊராரும் உண்டு. கேப்பின் ஆவணங்களில் தொடக்ககாலப் பெண் கைதியாகப் பதிவாகியுள்ள கட்ரைன் பழவேற்காட்டுக்காரி. பட்டேவியாவில் தண்டிக்கப்பட்டு 1657இல் இங்கே வந்துசேர்ந்து, கோட்டையில் துணி வெளுத்தார்.

சீ பாயின்டில் அலைக்கரையிலேயே கடைசி நிறுத்தம் ஒன்று உண்டு. இங்கே கருங்கல்லுக்கும் முந்தைய கறுத்த படிவுப்பாறை வெளியே தெரிகிறது. உருகிய நிலையில் கருங்கல் அதற்குள் நாக்குநாக்காகப் புகுந்து உறைந்திருக்கிறது. பீகிள் கப்பல் 1836இல் சைமன்ஸ் டவுன் குடாவில் நங்கூரமிட்டபோது சார்லஸ் டார்வின் இங்கே வந்து இதைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பாறையருகே விளக்கப் பலகை இருக்கிறது. நடைபாதையிலிருந்து இறங்கிக் கைவைத்துப் பார்க்கலாம். கடல் வற்றம் உள்ள நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். அங்கிருந்து நகர மையம் சில நிமிட ஓட்டம்தான்.